ஒரு மணிக்குள் வாங்காத சம்மதம்

1. ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டிலிருந்து காலை பதினொரு மணிக்கு எனக்கு ஒரு சீட்டு வந்தது.

2. அதில், "கவுன்சலிங். மதியம் ஒரு மணிக்குள் சம்மதம் தேவை" என்று எழுதியிருந்தது.

3. நோயாளி பெயர் பொன்னுசாமி. கல்வராயன் மலைக்காரர். சர்க்கரை நோய். இடது பாதம் அழுகி, கிருமி மேலே ஏறிக்கொண்டிருந்தது. முட்டிக்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அவர் மறுத்துவிட்டார்.

4. ஒரு மணிக்குள் நான் சம்மதம் வாங்கவில்லை.

5. மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு அவர் கையெழுத்துப் போட்டார்.

6. அன்று மதியம் அறுவைச் சிகிச்சை நடந்தது. வெட்டியது முட்டிக்குக் கீழே அல்ல, மேலே.

7. முந்தின நாளே கையெழுத்து வந்திருந்தால் முட்டி தப்பியிருக்கும் என்றார் தலைமை அறுவை மருத்துவர்.

8. இரண்டு மாதம் கழித்து நான் அந்த வேலையில் இல்லை.

மருத்துவமனை நிர்வாகம் என்னிடம் விளக்கம் கேட்டபோது ஏறக்குறைய இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். "இது பட்டியல், விளக்கம் அல்ல" என்று திருப்பி அனுப்பினார்கள். விளக்கத்தை இப்போது எழுதுகிறேன். அவர்களுக்காக அல்ல. என்னிடம் பயிற்சிக்கு இருந்த ஒரு பெண் அதே மருத்துவமனையில் அதே வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். வாசலில் இப்போது 'ஒருங்கிணைந்த சிகிச்சைக் குழு' என்று ஆளுயரப் பலகை வைத்திருக்கிறார்களாம். அறுவை மருத்துவர், பொது மருத்துவர், செவிலியர், இயன்முறை சிகிச்சையாளர், உணவு ஆலோசகர், கடைசியில் உளவியலாளர். "அக்கா, அங்க எப்படி நடந்துக்கணும்?" என்று கேட்டாள். ஃபோனில் சொல்லி முடிகிற பதில் இல்லை.

முப்பத்துமூன்று வயதில் ஓய்வுபெற்றவளின் அனுபவமா என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். ஆறு ஆண்டு அந்தக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். மருத்துவமனையின் பெயரை எழுதப்போவதில்லை. அது கள்ளக்குறிச்சியில் இருக்கிறது என்பது போதும்.

எனக்குச் சொந்த ஊர் களமருதூர். அப்பாவுக்கு நெல் விவசாயம். சென்னையில் முதுநிலைப் படிப்பு, பிறகு புதுச்சேரியில் இரண்டு ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி. முடித்துவிட்டு ஊருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் வாசலில் என் அத்தை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி விசாரித்தாள்.

"ஊசி போடுவியா?"

"இல்லத்த."

"மாத்திர எழுதிக் குடுப்பியா?"

"இல்ல."

"ஆபரேசனு?"

"அதுவும் இல்ல."

"அப்பறம் இன்னாடி ஏழு வருசமா படிச்ச?"

அத்தையாவது கேட்டாள். மருத்துவமனையில் யாரும் கேட்கவில்லை. நான் எதற்கு என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

எனக்குக் கொடுத்த அறை எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில். காலி ஆக்சிஜன் சிலிண்டர்களை அங்கேதான் வைப்பார்கள். யாராவது அழுதுகொண்டிருக்கும்போது வார்டு ஊழியர் கதவைத் தள்ளி, "ஒரு நிமிசம் மேடம்" என்று சிலிண்டரை உருட்டிக்கொண்டு போவார். கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

வேலை சீட்டில் வரும். உள்ளங்கை அளவு மஞ்சள் சீட்டு. மேலே பெயர், படுக்கை எண். நடுவில் காரணம். கீழே இரண்டு கட்டங்கள்: 'சம்மதம் – ஆம்', 'சம்மதம் – இல்லை'. நோயாளியிடம் பேசிவிட்டு ஒரு கட்டத்தில் டிக் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். நோயாளியின் சிகிச்சைத் தாள் வேறு. அதில் மருத்துவர்கள் எழுதுவார்கள், செவிலியர் எழுதுவார், உணவு ஆலோசகர்கூட எழுதுவார். உளவியலாளர் எழுதக் கூடாது. அப்படி ஓர் உத்தரவு எங்கும் இல்லை. வழக்கம், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலையில் குழுக் கூட்டம். ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் வரிசையாக எல்லாரும் சொல்வோம். என் முறை கடைசி. என் முறை வரும்போது சரியாக டீ வரும். தம்ளர்கள் கைமாறும் சத்தத்தில் நான் பேசி முடிப்பேன். இரண்டாம் ஆண்டில் ஒருமுறை, டீக்காரரிடம் ஐந்து நிமிடம் தாமதமாக வரச் சொன்னேன். அந்த வாரம் கூட்டமே ஐந்து நிமிடம் முன்னதாக முடிந்தது.

தலைமை அறுவை மருத்துவர் கருணாகரனைப் பற்றித் தவறாக ஒரு சொல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சரியாகச் சொன்னாலே போதும். கைராசிக்காரர் என்று பெயர். விடியற்காலை ஐந்தரைக்கு வார்டில் நிற்பார். இலவசப் படுக்கை நோயாளியின் புண் கட்டையும் தானே பிரித்துப் பார்ப்பார், மூக்கைச் சுளிக்கமாட்டார். கோபத்தில் குரல் உயராது, தாழும். எல்லாரையும் 'மா', 'பா' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் வார்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. படுக்கையின் கால்மாட்டில் நின்றபடி கேட்பார். கேள்விகள் எல்லாம் ஆமாம், இல்லை என்று பதில் வருகிற கேள்விகள். நான் ஒரு நோயாளியைப் பற்றி இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்கினால் பேனாவை மூடுவார். "கத வேணாம்மா. எந்தக் கட்டம், அத மட்டும் சொல்லு."

அதற்கு நானும் பழகினேன். மறைக்கவில்லை. முதல் இரண்டு ஆண்டு நான் அந்த மருத்துவமனையின் மிக வேகமான சம்மத இயந்திரம்.

வெள்ளையன் என்ற மலைக்காரருக்கும் இதே போல் கால் எடுக்க வேண்டியிருந்தது. அவர் ஊர் வெள்ளிமலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சிற்றூர். மூன்று பேர் பேசி முடியாததை நான் நாற்பது நிமிடத்தில் முடித்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், கையைப் பிடித்துக்கொண்டேன், "கால் போனாலும் கட்டைக்கால் வச்சுப் பழையபடி நடக்கலாம்ங்க" என்றேன். கையெழுத்துப் போட்டார். அந்தத் திங்கட்கிழமை டாக்டர் கருணாகரன் டீயைக் கீழே வைத்துவிட்டு, "இதுதாம்மா கவுன்சலிங்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வெள்ளையன் பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குப் போனார். என் சீட்டு கையெழுத்தான அன்றே கோப்புக்குப் போய்விட்டது.

நடுவில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உளவியலாளர் வேலை எல்லாவற்றையும் மனசு என்று சொல்வது என நினைப்பவர்களுக்காக. வடக்கனந்தலிலிருந்து ஒரு அம்மா வந்தார். கரும்பு வெட்டப் போகிறவர். அடிக்கடி நடுங்கி, வியர்த்து, வாய் குழறி விழுகிறார். வலிப்பு இல்லை, இதயத்தில் குறை இல்லை. மருமகளோடு சண்டை என்று யாரோ சொல்ல, 'மனப் பதற்றம்' என்று சீட்டில் எழுதி என்னிடம் அனுப்பினார்கள். நான் மருமகளைப் பற்றிக் கேட்கவில்லை. விழுந்த நாட்களை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். எல்லாம் வேலைக்குப் போன நாட்கள். காலை ஆறு மணிக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். சாப்பாடு பத்தரைக்குக் கரும்புக் காட்டில். "சாப்பாட்டுக்கு முன்னாடி போடணும்னு சொன்னாங்க. முன்னாடிதான் போட்டேன்" என்றார். சர்க்கரை அடியோடு இறங்கி விழுந்திருக்கிறார். சீட்டில் இரண்டு கட்டத்திலும் டிக் போடாமல், 'இது என்னுடைய நோயாளி அல்ல, உங்களுடையவர்' என்று எழுதி, பொது மருத்துவரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "நல்ல வேள" என்று மட்டும் சொன்னார். ஊசி நேரம் மாறியது. அந்த அம்மா பிறகு விழவில்லை. மருமகளோடு சண்டை தொடர்கிறது.

இனி பொன்னுசாமி.

சீட்டு வந்ததும் வார்டுக்குப் போனேன். செவிலியர் சரோஜா அக்கா அவர் காலில் நீலப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கெண்டைக்காலின் நடுவில், சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே ஒரு வளையம். பக்கத்தில் நேரம். சிவப்பு கோட்டைத் தாண்டினால் கிருமி ஏறுகிறது என்று பொருள். அதற்குக் கீழே ஏற்கெனவே மூன்று வளையங்கள், மூன்று நாளுக்கு ஒவ்வொன்று.

சிகிச்சைத் தாளைப் புரட்டினேன். சேர்ந்த முதல் நாள்: 'அறுவைக்கு மறுக்கிறார்.' இரண்டாம் நாள்: 'மறுக்கிறார்.' மூன்றாம் நாள்: 'இன்னும் மறுக்கிறார்.' ஏன் என்று ஒரு சொல் இல்லை.

"ஏன்னு யாராவது கேட்டாங்களாக்கா?"

"வெட்டலாமான்னு கேட்டாங்க. வேணாம்னாரு. போய்ட்டாங்க" என்றார் சரோஜா அக்கா.

பொன்னுசாமிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான, நீளமான மனிதர். படுக்கைக்குக் கீழே அவர் மனைவி செல்லம்மா பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒருவர் சிகிச்சையை மறுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, மறுப்பது அவரா, ஜுரமா என்பது. அதற்கென்று வரிசையாகச் சில கேள்விகள் வைத்திருக்கிறேன்.

"இது எந்த ஊருங்க ஐயா?"

"கள்ளக்குறிச்சி. மலையில ஏதும்மா ஃபேனு?"

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன். நேத்து புதன், சாப்பாட்டுல முட்ட போட்டாங்க."

"டாக்டர் என்ன சொன்னாங்க? உங்க வார்த்தையில சொல்லுங்க."

"காலு அழுவிப்போச்சி. வெசம் மேல ஏறிக்கினு இருக்குது. வெட்டலன்னா செத்துடுவேன்."

"வெட்டினா?"

"உசுரோட இருப்பேன்னாரு. எங்க இருப்பேன்? அத அவுரு சொல்லல."

குழப்பமில்லாத மனிதர். நான் நோட்டில் அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான எங்க ஊரு வெள்ளையனுக்குப் பேசின அம்மா?"

"ஆமாங்க."

"'பழையபடி நடக்கலாம்'னு அந்தம்மா சொல்லிச்சின்னு ஊர்ல பாக்கறவன்கிட்டல்லாம் சொல்லிக்கினு இருந்தான். புண்ணுக்கு மருந்து கட்ட ரெண்டு தடவ தூளி கட்டித் தூக்கியாந்தோம். நானுந்தான் ஒரு பக்கம் புடிச்சேன். எங்க வூட்லேர்ந்து பஸ்சுக்கு ரெண்டு ஓட தாண்டணும். மூணாவது தடவ வரசொல்ல ஓடையில தண்ணி. அப்பறம் அவனே வேணாம்னுட்டான்."

"இப்ப எப்படி இருக்காரு?"

செல்லம்மாதான் பதில் சொன்னார். "எங்கம்மா இருக்கான்."

வெள்ளையன் இறந்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. நான் அவரை என் நல்ல நாற்பது நிமிடமாக நினைவில் வைத்திருந்தேன்.

"தப்பா சொல்லிட்டேன்ங்க ஐயா" என்றேன். "உங்க வழி எனக்குத் தெரியாது. தெரியாம சொன்னேன்."

"தெரியலன்னா கேக்கணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிறகு அவரே கணக்குச் சொன்னார். காலோடு செத்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். கால் இல்லாமல் மேலே போய்ச் செத்தால் ஒரு வருடம் ஆகும். அந்த ஒரு வருடமும் தூக்குவது, கழுவுவது, ஆள் தேடுவது எல்லாம் செல்லம்மா தலையில். "அவளுக்கு எதுக்கு அந்தக் கருமம்?"

செல்லம்மா பாயிலிருந்து எழுந்தார்.

"கேட்டுக்கம்மா. எனக்காவ சாவறாராம். என்ன ஒரு வார்த்த கேக்கல. ரெண்டு காலு இருக்கசொல்லவே ஒரு கொடம் தண்ணி மொண்டாந்தது கெடையாது. இப்ப என் கஷ்டம் தெரிஞ்சிப்போச்சி இவருக்கு."

அடுத்த படுக்கைக்காரர் சிரித்துவிட்டார். பொன்னுசாமியும்தான், கொஞ்சம்.

ஆக, மறுப்பு காலைப் பற்றியது அல்ல. காலை எடுத்த பிறகு வருகிற மூன்று, நான்கு மாதத்தைப் பற்றியது. அந்த மாதங்களைப் பேருந்து நிற்கிற இடத்தில் கழிக்க முடிந்தால் புண் ஆறும், கட்டைக்கால் பொருத்தலாம். கீழே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். பொன்னுசாமி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். வடக்கனந்தலில் தன் தம்பி முருகேசன் இருப்பதாகச் செல்லம்மா சொன்னார். வீடு பெரிய சாலையிலேயே. ஆனால் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில் முருகேசன் மாமனுக்கு எலும்பாகப் பார்த்துப் போட்டாராம். பொன்னுசாமி இலையை மூடிவிட்டு எழுந்து, சபையில் அவரைப் பிச்சைக்காரன் என்று சொல்லிவிட்டாராம்.

"அவன்கிட்ட நான் கேக்கமாட்டேன்" என்றது சுவர்.

"நீங்க கேக்க வேணாம். அவங்க கேக்கட்டுமா?"

"அவ வாய நான் இன்னா கட்டியா வச்சிருக்கேன்?"

அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டோம். முருகேசன் கொத்தனார். சேலத்துக்கு அந்தப் பக்கம் வேலையில் இருந்தார். ஃபோனில் செல்லம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு, காலையில் முதல் பேருந்தில் வருவதாகச் சொன்னார். ஃபோனிலேயே மாமாவிடம் பேசச் சொன்னேன். பொன்னுசாமி வாங்க மறுத்துவிட்டார். "ஃபோன்ல எல்லாரும் நல்லவன்தான். நேர்ல வந்து சொல்லட்டும்."

மணி பன்னிரண்டே முக்கால். அந்தக் கோடு ஏறினால் என்ன ஆகும் என்பதை அவரிடம் மறைக்கவில்லை. காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் காலில் இன்னும் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளலாம், உயிருக்கும் ஆபத்து வரலாம் என்று சொன்னேன். மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் மறுபடி போய்ச் சொன்னேன். மூன்று முறையும் ஒரே பதில். "தெரியுதும்மா. அவன் வரட்டும்."

ஒரு மணிக்கு டாக்டர் கருணாகரன் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருந்தது.

"எந்தக் கட்டம்?"

"ரெண்டும் இல்ல சார். நாளைக்குக் காலைல சொல்வாரு."

"அந்தக் கோட்டப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

குரல் தாழ்ந்தது. "வெள்ளையனுக்கு வாங்கினல்ல. அதே மாதிரி வாங்கு."

"வெள்ளையன் செத்துட்டாரு சார்."

"எப்ப?"

"மூணு வருசத்துக்கு மேல ஆச்சு சார். நம்ம யாருக்கும் தெரியாது."

அவர் பேனாவை மூடினார். "இவன் வெட்டினப்பறம் எங்க போறான்ங்கறது டிஸ்சார்ஜ் அன்னிக்குப் பேசற விஷயம்மா."

"அவருக்கு அது இன்னிக்குப் பேசற விஷயம் சார்."

இதை நான் மறைக்காமல் எழுத வேண்டும். ஒரு மணிக்கு அந்தக் கையெழுத்தை வாங்க எனக்குத் தெரியும். செல்லம்மாவை அழவிட்டு, கையைப் பிடித்து, 'மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்' என்று சொன்னால் பெரும்பாலான மனிதர்கள் போட்டுவிடுவார்கள். தெரிந்தே அதைச் செய்யவில்லை.

சீட்டை ஓரமாக வைத்தேன். சிகிச்சைத் தாளை வாங்கி, மருத்துவரின் குறிப்புக்குக் கீழே, தமிழில் எழுதினேன். நோயாளி தெளிவாக இருக்கிறார். ஆபத்தைத் தன் வார்த்தையில் சொல்கிறார். மறுப்புக்குக் காரணம், அறுவைக்குப் பின் மருந்து கட்ட வர வழியில்லாதது. தீர்வு வடக்கனந்தலில் தங்குவது. மைத்துனர் காலையில் வருகிறார். கீழே பெயர், பதவி, நேரம். சரோஜா அக்கா எட்டிப் பார்த்தார்.

"இதுல நீ எழுதக் கூடாதே."

"எங்க எழுதியிருக்குக்கா, எழுதக் கூடாதுன்னு?"

"அத எவன் எழுதி வைப்பான்?" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தை மேலே வைத்து மடித்துத் தொங்கவிட்டார். ராத்திரிப் பணிக்கு வருகிறவர் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பதற்காக. அந்த மருத்துவமனையில் எனக்குக் கிடைத்த பெரிய ஆதரவு அது.

காலையில் எட்டு மணிக்குப் போனேன். சிவப்பு, கோட்டுக்கு மேலே மூன்று விரல் தாண்டியிருந்தது. வைத்துப் பார்த்தேன். என்னுடைய மூன்று விரல்.

ஒன்பதே காலுக்கு முருகேசன் சிமெண்ட் படிந்த கால்களோடு வந்தார். படுக்கைக்கு எதிரே நின்று மாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒன் காலுக்கு என் வூட்ல எடம் இருக்குது மாமா. ஒன் வாய்க்குத்தான் எடம் இல்ல."

"எலும்பு போட்டவன்தான நீ."

"இந்தத் தடவ கறியாவே போடறேன். போட்ரா கையெழுத்த."

பொன்னுசாமி என்னைப் பார்த்தார். "எத்தினி மாசம் கீழ இருக்கணும்?"

"நாலு மாசம்னு நெனைக்கறேன். ஜாஸ்தியும் ஆகலாம். கட்டைக்கால் வச்சாலும் பழையபடி நடக்க முடியாதுங்க."

அவர் தன் பெயரைப் பெரிய பெரிய எழுத்தில் எழுதினார்.

திங்கட்கிழமை கூட்டத்தில் டாக்டர் கருணாகரன் பொன்னுசாமியின் தாளை எடுத்து வைத்தார். "ஒரு நாள் முன்னாடி தியேட்டருக்கு வந்திருந்தா இவனுக்கு முட்டி இருந்திருக்கும். அந்த ஒரு நாள் எங்க போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்."

நான் என் முறைக்காகக் காத்திருக்கவில்லை. "நாலு நாள் சார். மொத மூணு நாள் யாரும் ஏன்னு கேக்கல. அப்ப கோடு இன்னும் கீழ இருந்துச்சு."

பொது மருத்துவர் தன் நகத்தைப் பார்த்தார். இயன்முறை சிகிச்சையாளர் சன்னலைப் பார்த்தார். டீ வந்தது, யாரும் எடுக்கவில்லை.

அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். அன்று மதியமே வெட்டியிருந்தால் முட்டி மிஞ்சியிருக்கலாம். மிஞ்சாமல், ஒரு வாரத்தில் இரண்டாவது முறை வெட்ட வேண்டியும் வந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. இரவுகளில் இதை நினைக்காமல் இருந்ததில்லை. ஆனால் இழந்த நேரத்தை எண்ணுவது என்றால், மருத்துவமனை வாசலில் அவர் இறங்கிய நேரத்திலிருந்து எண்ண வேண்டும்; எனக்குச் சீட்டு வந்த நேரத்திலிருந்து அல்ல. கேட்க ஒருத்தியைக் குழுவில் வைத்துக்கொண்டு, மூன்று நாள் கேட்காமல் இருந்துவிட்டு, நான்காம் நாள் இரண்டு மணி நேரத்தைக் கையில் கொடுத்தது யார்?

நிர்வாகத்திலிருந்து மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன், திருப்பினார்கள் என்று சொன்னேன். பிறகு அறைக்குக் கூப்பிட்டு மூன்று விஷயம் கேட்டார்கள். சிகிச்சைத் தாளில் எழுதியதற்கு மன்னிப்புக் கடிதம். இனி சீட்டில் மட்டுமே எழுதுவேன் என்ற உறுதி. தாமதத்துக்கு நானே பொறுப்பு என்று ஒரு வரி. மூன்றாவதற்கு, 'முதல் மூன்று நாள் தாமதத்துக்கு யார் பொறுப்போ அவருடைய கையெழுத்துக்குக் கீழே நானும் போடுகிறேன்' என்றேன். நிர்வாக அலுவலர் நல்ல மனிதர். "இன்னாம்மா, ஒரு சாரிதான? எழுதிட்டுப் போய்க்கினே இரு" என்றார். எழுதினால் அடுத்த பொன்னுசாமியின் தாளில் மறுபடி 'மறுக்கிறார்' மட்டும்தான் இருக்கும். வேலையை விட்டேன்.

விண்ணப்பித்திருக்கும் பெண்ணுக்கு: போ. கண்டிப்பாகப் போ. சீட்டு வந்ததும் காரணத்தைப் படிக்காதே. நோயாளி சேர்ந்த தேதியைப் பார். 'மறுக்கிறார்' என்று எழுதிய முதல் நாளிலேயே உன்னைக் கூப்பிட வேண்டும் என்று நேர்காணலிலேயே கேள். கேட்டதால் வேலை கிடைக்காவிட்டால், கிடைக்காத வேலை எது என்று உனக்குத் தெரிந்துவிடும்.

போன மாதம் வடக்கனந்தலுக்குப் போயிருந்தேன். பொன்னுசாமி முருகேசன் வீட்டு வாசலில் கட்டைக்காலைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். முட்டிக்கு மேலே வெட்டியதால் அதைப் போட்டு நடப்பது அவருக்குக் கஷ்டம். சமதரையில் தெருக்கோடி வரை போகிறார்.

"முட்டி இருந்திருந்தா ஓடைய தாண்டியிருப்பேன்" என்றார் என்னிடம்.

"ஆமாங்க" என்றேன்.

உள்ளேயிருந்து செல்லம்மாவின் குரல் வந்தது. "முட்டி இருக்கசொல்ல தாண்டிக் கிழிச்சிட்டாரு. மேடத்துக்கு மோர எடுத்துக்கினு போ, முருகேசா."

இன்றைய நிலை இதுதான். பொன்னுசாமி உயிரோடு இருக்கிறார். புண் ஆறிவிட்டது. மலை வீட்டுக்குத் திரும்பவில்லை. திரும்ப முடியுமா என்று தெரியவில்லை. விதைப்புக்கும் அறுப்புக்கும் செல்லம்மா மட்டும் மேலே போய் வருகிறார். நான் வாரத்தில் நான்கு நாள் கச்சிராயபாளையத்தில் ஒரு சின்ன மருத்துவமனையில் வேலை செய்கிறேன். சம்பளம் முன்பைவிடக் கம்மி. இங்கே நோயாளியின் தாளில் மருத்துவருக்குக் கீழே நானும் எழுதுகிறேன். பழைய இடத்தில் அந்த மன்னிப்புக் கடிதம் இன்னும் நிலுவையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். என்னிடமிருந்து அது போகாது.